அரும்பாயியின் முன்மாடத்து மிளகாய்ச் செடி

முன்னொரு காலத்தில், மேகங்கள் மாடிப்படி வழியாக ஏறி இறங்கிய காலத்தில், ஏழடுக்குப் பட்டணம் என்று ஒரு பட்டணம் இருந்தது. பேரைக் கேட்டதும் புரிந்திருக்குமே! அங்கே கட்டடமெல்லாம் ஏழடுக்கு. வீட்டின் மேல் வீடு, அதற்கு மேல் வீடு, அதற்கும் மேல் இன்னொரு வீடு. கீழ்வீட்டுக்காரர் தும்மினால் மேல்வீட்டுக்காரர் "நூறு வயசு" என்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முன்மாடம் உண்டு. இன்றைக்கு நாம் பால்கனி என்கிறோமே, அதுதான். ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும். அப்புறம் ஆள் நிற்க வேண்டுமானால் கட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இடம் சின்னதுதான். ஆனால் அந்த முன்மாடங்களை அந்த நாளில் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இரண்டாம் அடுக்கில் நட்ட முல்லை நாலாம் அடுக்கில் பூக்கும். மூன்றாம் அடுக்குப் பாகற்கொடி ஐந்தாம் அடுக்கில் காய்க்கும். யார் வீட்டுக் கொடி, யார் வீட்டுக் காய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கிளி வந்து கொத்தும், அணில் வந்து கடிக்கும், வண்டு வந்து குடிக்கும். பட்டணம் பச்சையாக இருந்தது.

அப்படி இருந்த ஊருக்குத்தான் வந்தது வினை.

ஒருநாள் நெடுமுடி ராஜாவின் முத்துமாலை காணாமல் போயிற்று. பிற்பாடு அது ராஜாவின் மெத்தைக்கு அடியிலேயே கிடைத்தது. ஆனால் அதற்குள் ராஜா ஊரெல்லாம் திருடர்கள் என்று முடிவு கட்டி, மரகதமாயன் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டு விட்டார்.

"திருட்டே இல்லாத ஊராக இதை ஆக்கித் தர முடியுமா?" என்று கேட்டார் ராஜா.

"முடியும். உச்சியில் இருக்கும் மொட்டைமாடி முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட வேண்டும்" என்றான் மரகதமாயன்.

மொட்டைமாடிதானே, போகட்டும் என்று கொடுத்துவிட்டார். மாயன் உச்சியில் ஏறி நின்றான். கோலை உயர்த்தினான். "எவருடையதை எவர் எடுத்தாலும், எடுத்த உடல் கல்லாகட்டும்!" என்று மூன்று முறை சொன்னான். வானம் ஒரு கணம் பச்சையாகி மறுபடி நீலமானது.

முதலில் ஊர் கொண்டாடியது. பூட்டுகளைக் குப்பையில் எறிந்தார்கள், கதவைத் திறந்து போட்டுத் தூங்கினார்கள். பிறகு ஒரு காலை, வடை எடுத்த காகம் கைப்பிடிச் சுவரிலேயே கல்லாகி உட்கார்ந்திருந்தது. பழம் கடித்த அணில் கடித்த வாயோடு கல்லானது. தேன் குடித்த வண்டுகளும் தேனீக்களும் கூழாங்கற்களாகி முற்றத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. கடைசியில் நடந்ததுதான் யாரும் நினைத்துப் பார்க்காதது. மண் ராஜாவுடையது, மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் ராஜாவுடையது, மரங்களோ யாரையும் கேட்காமல் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஒரே பகலில் வீதி மரங்களும் முன்மாடத்துக் கொடிகளும் வேரிலிருந்து நுனிவரை கல்லாயின. காற்றடித்தால் கல்லிலைகள் ஒன்றோடொன்று மோதிக் கிண்கிணென்று ஒலிக்கும். அழகான ஓசைதான். ஆனால் கேட்டவர்கள் அழுதார்கள். அதற்கப்புறம் அரிசியும் பருப்பும் வெளிநாட்டு வண்டிகளில்தான் வந்தன.

பச்சை மிஞ்சியது ஒரே இடத்தில்தான். மாயனின் மொட்டைமாடியில். அங்கே மண்ணும் அவனுடையது, மழையும் அவனுடையது, வண்டும் அவனுடையது. ஆகவே அங்கே வளர்வதன்மேல் மந்திரம் பலிக்காது. வருடப்பிறப்பு அன்று மட்டும் ஊர்ச் சனங்கள் படியேறிப் போய், இரும்புக் கிராதிக்கு வெளியே நின்று அந்தத் தோட்டத்தைப் பார்க்கலாம்.

"பார்க்கலாம். தொடக்கூடாது" என்பான் மாயன்.

அந்த ஊரில் அரும்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அரண்மனைச் சமையற்கட்டுக்கு அரிசி புடைத்துக் கல் பொறுக்குவது அவள் வேலை. பொழுதெல்லாம் முறமும் கையுமாக இருப்பாள். கணவன் இல்லை. குடியிருப்பு ஒரு சந்துக்குள், இரண்டாம் அடுக்கில். அவளுக்கு மைனா என்று ஒரு பெண் குழந்தை. மழலை இன்னும் முழுதாகத் தெளியாத வயது. உலகத்தில் அரும்பாயிக்கு இருந்த ஒரே சொந்தம் அதுதான்.

ஒரு வருடப்பிறப்பு அன்று மைனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறினாள் அரும்பாயி. கிராதிக்கு அந்தப் பக்கம் தோட்டம் தளதளவென்று நின்றது. அத்தனை பச்சையையும் ஒரேயடியாகப் பார்த்ததில் தாய்க்கே தலை சுற்றியது. அப்போது ஒரு செம்பருத்திப் பூ காற்றில் ஆடிக் கிராதிக்கு வெளியே தலையை நீட்டியது. நீட்டினால் குழந்தை சும்மா இருக்குமா? கையை நீட்டி எட்டிப் பறித்துவிட்டது.

பூ கையில் இருக்கும்போதே சுண்டுவிரல் கல்லானது.

"ஐயோ, என் புள்ள!" என்று அலறினாள் அரும்பாயி. "ஐயா! மாயவரே! பச்சக் குழந்தைய்யா, ஒண்ணும் தெரியாதுய்யா!"

கிராதிக்குள் மரகதமாயன் மெல்ல நடந்து வந்தான். பச்சைப் பட்டு, பச்சைக் கண். "என் மந்திரத்துக்கு வயது தெரியாதே அம்மா. சின்னக் குழந்தை என்பதால் கல் மெதுவாக ஏறும். நாளுக்கு எள்ளளவு. நெஞ்சைத் தொடும்வரை மூச்சிருக்கும்."

"நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, எதுவானாலும் செய்யறேன்."

மாயன் சிரித்தான். முடியாத காரியம் ஒன்றைச் சொல்லி அனுப்புவது அவன் வழக்கம். "உன் வீட்டு முன்மாடத்தில் ஒரு செடி வளர்த்துக் காட்டு. பச்சையாக வளர்ந்து, பூத்து, ஒரு காய் காய்க்க வேண்டும். யாரிடமிருந்தும் எதையும் எடுக்காமல் வளர்க்க வேண்டும். எடுத்தது ஒரு துளி கலந்தாலும் செடி கல்லாகிவிடும். காய்த்ததும் சொல்லி அனுப்பு, நானே இறங்கி வந்து கல்லை நீக்குகிறேன்."

மண் ராஜாவுடையது. மழை முதலில் விழுவது மாயன் மாடியில். செடியோ ஊரில் இல்லை. அரும்பாயி குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். இறங்கும்போதே யோசித்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து அடுக்களையைப் பார்த்தாள். அஞ்சறைப்பெட்டியில் வெந்தயம் இருந்தது. அது அவளுடையது. விரிசல் விட்ட பழைய மண்பானை ஒன்று இருந்தது. அதுவும் அவளுடையது. வீட்டுக்கொரு குடம் என்று ராஜா கொடுக்கிற தண்ணீரில் அரிசி களைவாள். களைந்த தண்ணீர் அவளுடையது. மண்ணுக்கு என்ன செய்வது? அடுப்புச் சாம்பல், மீன் செதில், வெங்காயத் தோல், முட்டை ஓடு எல்லாவற்றையும் பானையில் போட்டு மூடி வைத்தாள். போதவில்லை. மாடிப்படியில் கிடந்த குப்பையையும் கூட்டி அள்ளிப் போட்டாள். நாற்றம் வந்தது, பிறகு சூடு வந்தது. திறந்து பார்த்தால் குப்பையைக் காணோம். கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த வாசனையோடு மண் இருந்தது.

அரும்பாயி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தூக்கி எறிகிறதெல்லாம் சேர்ந்து மண்ணாகும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

வெந்தயத்தைத் தூவினாள். முளை வந்தது. வந்த வேகத்தில் ஒவ்வொரு முளையும் டக், டக் என்று கல்லானது.

"எங்க தப்புப் பண்ணுனேன்?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகு சட்டென்று புரிந்தது. மாடிப்படியில் கிடந்த குப்பை! கேட்பாரற்றுக் கிடந்தாலும் அது யாரோ ஒருவர் வீட்டுக் குப்பைதானே. கேட்காமல் எடுத்துவிட்டாள். எறிந்த பொருள் என்பதால் அவள் உடல் தப்பியது, மாயன் போட்ட நிபந்தனையில் செடி தப்பவில்லை.

மைனா முழங்கையைத் தொட்டுக் காட்டியது. "அம்மா, கை தூங்குது."

"தூங்கட்டும் கண்ணு. எழுப்பிடலாம்" என்றாள் அரும்பாயி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பானையைக் கொட்டிவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே பேச்சியக்கா இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"அக்கா, உங்க வீட்டுக் குப்பைய எனக்குத் தர்றீங்களா?"

"என்னடி இது! ஊருல அவளவள் பட்டு கேப்பா, பொன்னு கேப்பா. நீ குப்பையக் கேக்குற!"

"புள்ளைக்காக, அக்கா."

பேச்சியக்கா மைனாவின் கையைப் பார்த்தாள். கூடையை அப்படியே தூக்கி வந்தாள். "எடுத்துக்கோ. மனசாரச் சொல்லுறேன், எடுத்துக்கோடி."

அரும்பாயி பயந்து பயந்துதான் கூடையைத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பேச்சியக்கா சும்மா இருப்பாளா? அடுக்கடுக்காகப் போய்ச் சொன்னாள். வீட்டுக்கு வீடு கூடை வந்தது, கூடைக்குக் கூடை "எடுத்துக்கோ" வந்தது. இந்த முறை குப்பை மக்கி மண்ணாகி, பேரரசன் களஞ்சியம் போலப் பானை நிறைந்தது.

வெந்தயம் தீர்ந்திருந்தது. ஒரே ஒரு காய்ந்த மிளகாய்தான் மீதி. குழம்பில் கிள்ளிப் போட எடுத்து வைத்திருந்தது. அதைக் கிள்ளி விதையை உதிர்த்து மண்ணுக்குள் புதைத்தாள். அரிசி களைந்த தண்ணீரைத் தெளித்தாள். காத்திருந்தாள். முளை வந்தது, பச்சையாகவே நின்றது. ஆனால் வெளுத்துப்போய், நூலாக நீண்டு, தலையைத் தொங்கப் போட்டது. ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

வெயில் இல்லை. அந்தச் சந்துக்குள் இரண்டாம் அடுக்குவரை வெயில் இறங்குவதே கிடையாது. எதிர்க்கட்டடத்து ஆறாம் அடுக்கில் மட்டும் காலை வெயில் கொஞ்ச நேரம் விழும். அங்கே தவில்காரர் சிங்காரம் வெயில் காய்ந்தபடி உட்கார்ந்திருப்பார்.

அரும்பாயி தன் மாடத்தில் நின்று அண்ணாந்து கூப்பிட்டாள். "சிங்காரம் மாமா! உங்க மாடத்து வெயில்ல கொஞ்சம் எனக்குத் தர முடியுமா?"

"வெயிலா? அதை எப்படிம்மா தர்றது? தட்டுல வச்சா?"

"ஆமா மாமா. தட்டுலதான்!"

சிங்காரத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் உள்ளே ஓடினார். பித்தளைத் தாம்பாளத்தைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்தார். வெயில் தாம்பாளத்தில் விழுந்து, இந்தப் பக்கம் ஐந்தாம் அடுக்குக்குத் தாவியது. அங்கே ஒரு பெண் தன் தட்டை நீட்டினாள். வெயில் அந்தப் பக்கம் நாலாம் அடுக்குக்குத் தாவியது. அங்கே ஒருவர் தட்டை நீட்டினார். அப்படியே இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று தட்டுக்குத் தட்டு வெயில் இறங்கி வந்தது. ஒவ்வொரு தட்டும் கை மாற்றும்போது ஒரு குரல் கேட்டது: "எடுத்துக்கோ!" "எடுத்துக்கோ!" "எடுத்துக்கோ!"

கடைசியில் அந்த வெயில் அரும்பாயியின் முன்மாடத்தில் வந்து விழுந்தது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து வெயிலே காணாத இடம் அது. சுவர் பொன்னாக மின்னியது. பானை மண்ணிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. சாய்ந்து கிடந்த முளைகளில் ஒன்றே ஒன்று, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தலையைத் தூக்கியது. சந்து முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. யார் கையும் ஆடவில்லை. தட்டு ஆடினால் வெயில் ஆடிவிடுமே!

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தட்டுப் பிடிப்பதற்கு முறை போட்டுக்கொண்டார்கள். முறை இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். முளை செடியாயிற்று. செடி கிளை விட்டது. பச்சையைக் கிட்டத்தில் பார்த்தறியாத குழந்தைகள் வந்து இலையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவர்கள் நின்று பார்த்தார்கள். ஏன் என்று தெரியாமலே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பூவும் பூத்தது. வெள்ளையாக, தலை குனிந்த சின்னப் பூ. பூத்து உதிர்ந்தது. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை.

கல் மைனாவின் தோளுக்கு வந்துவிட்டது. குழந்தையால் கையைத் தூக்க முடியவில்லை. பாரம் தாங்காமல் படுத்தே கிடந்தது. "அம்மா, கை ரொம்பத் தூங்குது."

"தூங்கட்டும் கண்ணு. எழுப்பிடலாம்" என்றாள் அரும்பாயி. இந்த முறை அழுதேவிட்டாள்.

ஒரு காலை, தட்டு வெயில் வந்து விழுந்த நேரத்தில், எங்கிருந்தோ ரீங்காரம் கேட்டது. வெளிநாட்டு அரிசி வண்டியோடு வந்து வழி தவறிய ஒரு தேனீ! பூவுக்கு முன்னால் வந்து நின்றது, உட்காரவில்லை. அந்தரத்திலேயே நின்று பேசியது.

"அம்மா, இந்த ஊரில் தேன் எடுத்தால் கல்லாகிவிடுவோமாமே. என் சித்தி உங்கள் முற்றத்தில் கூழாங்கல்லாகக் கிடக்கிறாள். எனக்கோ பசி உயிர் போகிறது. நான் உட்காரலாமா, கூடாதா?"

ஆதியிலிருந்து இன்றுவரை தேனீயைப் பார்த்து யாராவது அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்களா? அரும்பாயி சொன்னாள்.

"எடுத்துக்கோ, தாயி. எல்லாம் உனக்குத்தான். எடுத்துக்கோ."

தேனீ முதலில் ஒரு காலை மட்டும் வைத்துப் பார்த்தது. கல்லாகவில்லை. இரண்டு காலை வைத்தது. கல்லாகவில்லை. பிறகு தலையைப் பூவுக்குள் விட்டு வயிறாரக் குடித்தது. குடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போனது, அதற்கடுத்த பூவுக்கும் போனது. அவற்றில் ஒரு பூ மட்டும் உதிரவில்லை.

செடியில் ஒரு காய் பிடித்தது. பிஞ்சாக இருந்தது, நீண்டது, பளபளத்தது, சிவந்தது. ஏழடுக்குப் பட்டணத்தில் அத்தனை சிவப்பை யாரும் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஒற்றை மிளகாய்தான். ஆனால் அதைப் பார்க்க நின்ற வரிசை சந்தைத் தாண்டி, வீதியைத் தாண்டி, அரண்மனை வாசல்வரை போனது. வரிசையில் நெடுமுடி ராஜாவும் நின்றார். "கொஞ்சம் தள்ளிக்குங்க ராஜா, பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்று பேச்சியக்கா அவரையும் ஒரு சத்தம் போட்டாள்.

மாயனுக்குச் செய்தி போயிற்று. மொட்டைமாடி ஏறிய நாளிலிருந்து கீழே இறங்காதவன், அன்றைக்கு இறங்கி வந்தான். அந்தச் சின்ன முன்மாடத்தில் அவன் நின்றதும் வேறு யாருக்கும் இடமில்லை. அரும்பாயி மைனாவை மடியில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கல் கழுத்தடிக் காறையெலும்பைத் தாண்டி, நெஞ்சுக்கு மிக அருகில் வந்திருந்தது.

மாயன் செடியைப் பார்த்தான். "இந்த மண்ணை யாரிடம் எடுத்தாய்?"

"அவ எடுக்கல. நாங்க கொடுத்தோம்!" என்றாள் பேச்சியக்கா, வீட்டுக்குள்ளிருந்து.

"இந்த வெயிலை யாரிடம் எடுத்தாய்?"

"அவ எடுக்கல. நாங்க கொடுத்தோம்!" என்றார் சிங்காரம், ஆறாம் அடுக்கிலிருந்து.

"இந்தத் தண்ணீரை யாரிடம் எடுத்தாய்?"

பின்னாலிருந்து ஒரு தொண்டை கனைத்தது. "அவள் எடுக்கவில்லை. நான்தான் வீட்டுக்கொரு குடம் கொடுக்கிறேன்" என்றார் ராஜா. நல்லதில் தனக்கும் ஒரு பங்கு இருந்ததில் அவருக்கு ஒரே பூரிப்பு.

மாயன் குனிந்து அந்த மிளகாயைப் பார்த்தான். அவன் தோட்டத்தில் இல்லாத பூ இல்லை, இல்லாத கனி இல்லை. ஆனால் அவை எல்லாம் அவனுடையவை. தன்னுடையது அல்லாத ஒன்றை அவன் இவ்வளவு பக்கத்தில் பார்த்து எவ்வளவோ வருடங்கள் ஆகியிருந்தன. அந்தச் சிவப்பு அவனை என்னவோ செய்தது.

"சரி. காயைக் கொடு" என்று கையை நீட்டினான்.

அரும்பாயி குழந்தையைப் பேச்சியக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "மிளகாயக் கையில கொடுக்க மாட்டோம் ஐயா. கொடுத்தா சண்டை வரும். முறத்துல வச்சுத் தர்றேன், இருங்க."

நம் வீடுகளில் உப்பையும் மிளகாயையும் கையில் கொடுக்கிறோமா? கீழே வைப்போம், எடுத்துக்கொள்வார்கள். அந்த வழக்கம்தான். அவள் முறம் எடுக்க உள்ளே போனாள்.

முறம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மாயனுக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் எதற்கும் காத்திருந்து பழக்கமில்லாதவன். கையை நீட்டினான், காம்பைக் கிள்ளினான், பறித்துவிட்டான்.

அவள் இன்னும் கொடுக்கவில்லையே!

அடுத்த கணம் மாயனின் விரல்கள் கல்லாயின. குழந்தைக்கு எள்ளளவாக ஏறிய கல், அவனுக்கு வெள்ளமாக ஏறியது. மணிக்கட்டு, முழங்கை, தோள். தன் மந்திரத்தைத் தானே நிறுத்த அவன் கோலைத் தேடினான். கோலைப் பிடிக்கும் கைதான் கல்லாகிவிட்டதே!

"வேணும், நல்லா வேணும்!" என்று சந்து முழுவதும் கத்தியது. "கல்லாப் போகட்டும்! வாசல்ல நிறுத்தி வைப்போம்!"

அரும்பாயி முறத்தோடு வெளியே வந்தாள். மாயனின் பச்சைக் கண்களைப் பார்த்தாள். அதில் இருந்தது வெறும் பயம். அவள் அதை நன்றாக அறிவாள். தினமும் மைனாவின் கண்ணில் பார்த்த அதே பயம். அவளுக்குக் கோபம் இல்லாமலா இருக்கும்? நெஞ்சு முழுக்க இருந்தது. ஆனால் அந்தப் பயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"எடுத்துக்கோங்க" என்றாள். "உங்களுக்குத் தரத்தானே நான் முறம் எடுக்கப் போனேன். நீங்க திருடல. எடுத்துக்கோங்க ஐயா."

கல் நின்றது. நெஞ்சுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பிறகு பின்வாங்கியது. தோள் தோளானது, கை கையானது, விரல் விரலானது. விரல்களுக்கு நடுவில் மிளகாய் அப்படியே இருந்தது.

எடுத்துவிட்டவனைப் பார்த்தும் அந்தச் சொல்லைச் சொல்லலாம், சொன்னால் கல்லும் இளகும் என்பது அந்த ஊரில் அதுவரை யாருக்கும் தெரியாது. தெரியாது என்ன, சொல்லிப் பார்க்க யாருக்கும் தோன்றவேயில்லை. அதுவரை பறிகொடுத்தவர்கள் எல்லோரும் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தார்கள்.

மாயன் மிளகாயைப் பார்த்தான். அவனிடம் கேட்டவர்கள் ஆயிரம் பேர். கெஞ்சியவர்கள் ஆயிரம் பேர். மனசார அவனுக்கென்று ஒன்றைக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கடித்தான். ஏழடுக்கு மண்ணும் ஏழடுக்கு வெயிலும் குடித்த மிளகாய் அல்லவா? காதில் புகை வந்தது, மூக்கில் நீர் வந்தது, கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது. காரத்தில் அழுதானா, வேறெதற்காவது அழுதானா என்று யார் கண்டார்கள்! பேச்சியக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அவன் முன்னால் டங்கென்று வைத்தாள். "குடிச்சுட்டு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுய்யா. இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

அவன் குடித்தான். மைனாவின் முன்னால் முழந்தாளிட்டான். அவன் வாய்க்கு அந்தச் சொல் பழக்கமில்லை; இரண்டு முறை தடுக்கியது. மூன்றாவது முறை வந்தது.

"அந்தப் பூவை எடுத்துக்கோ, அம்மா. அது உனக்குத்தான். எடுத்துக்கோ."

குழந்தையின் கழுத்தில் ஒரு சிவப்பு ஓடியது. தோளில் ஓடியது. கையில் ஓடியது. கல் பொடிப்பொடியாக உதிர்ந்து முன்மாடத்துத் தரையில் மாவாகச் சிந்தியது. சுண்டுவிரல் ஒருமுறை துடித்தது. மைனா நிமிர்ந்தது. பேச்சியக்கா இடுப்பிலிருந்தபடியே தாவி, இரண்டு கைகளாலும் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இரண்டு கைகளாலும்! அரும்பாயி அந்தக் கையை முகர்ந்தாள், கண்ணில் ஒற்றினாள், கடித்துவிடுவாள் போல முத்தமிட்டாள்.

அதைப் பார்த்த நெடுமுடி ராஜா கைப்பிடிச் சுவருக்கு வந்தார். கீழே வீதியில் கல்மரங்கள் நின்றன. ராஜா அவற்றைப் பார்த்துக் கூவினார். "என் மண்ணையும் என் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளுங்கள்! எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்!"

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பூமிக்கு அடியில் கடகடவென்று ஒரு சத்தம். வேர்கள் குடித்தன. அத்தனை காலத் தாகத்தையும் சேர்த்துக் குடித்தன. அடிமரத்தில் பட்டை கறுத்தது, கிளை வளைந்தது, நுனியில் கல்லிலை ஒன்று சிலிர்த்துப் பச்சையானது. ஒன்று ஆயிரமாயிற்று. கிண்கிணி ஓசை நின்று, சலசலவென்று இலையோசை எழுந்தது. அந்த ஓசையை மறந்தே போயிருந்த பெரியவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வீடு வீடாகச் சனங்கள் மாடங்களுக்கு ஓடிவந்து, "எடுத்துக்கோ! எடுத்துக்கோ!" என்று கத்தினார்கள். கைப்பிடிச் சுவர்க் காகம் இறகை உதறியது. அணில் கடித்த வாயை மூடியது. முற்றத்துக் கூழாங்கற்கள் ஒரே இரைச்சலாக எழுந்து பறந்தன. தேனீ தன் சித்தியைத் தேடிக்கொண்டு அவற்றுக்குள் புகுந்தது. வானம் மறுபடி ஒரு கணம் பச்சையாயிற்று. மந்திரம் உடைந்தது.

மாயன் கிராதியைக் கழற்றிவிட்டான். "இந்த மொட்டைமாடியை இனி நீ பார்த்துக்கொள் அம்மா" என்று சாவியை அரும்பாயியின் முறத்தில் வைத்தான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா? வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே மைனாவைக் கூட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள். மாயன் அவளிடம், கடித்த மிளகாயில் மிஞ்சிய ஒரே ஒரு விதையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவள் காலி செய்த அந்தச் சின்ன முன்மாட வீட்டுக்குக் குடிவந்தான். தினமும் காலையில் எதிர்வரிசையைப் பார்த்து, "சிங்காரம் அண்ணே, கொஞ்சம் வெயில் கொடுங்களேன்" என்று கேட்பான். அவர்களும் கொடுத்தார்கள்.

கதை அவ்வளவுதான். கேட்டவர் வீட்டில் துளிர் விடட்டும், விட்ட துளிர் தழைக்கட்டும். இவ்வளவு நேரம் சொன்னதில் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. யாராவது ஒரு வாய் மோர் கொடுங்களேன்.